வெளுத்த பாஸ் போட்டோ

பத்தாம் வகுப்புப் பரீட்சையை நான் இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் கணக்கு என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மூன்றாவது தடவை எழுதச் சொன்ன அப்பாவிடம், "ஒத்துவராத எடத்துல எத்தன தடவதாம்ப்பா பொண்ணு கேக்கறது?" என்றேன். அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். அவர் கை விழுந்த தடமும் அப்படித்தான். கன்னத்தின் சூடு ஆறுவதற்குள் என்னை மெயின் பஜாரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

ஸ்டுடியோ முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நெய்வேலிக்குக் கரி வெட்டும் வேலைக்கு வந்து, அது கிடைக்காமல் கேமராவைத் தூக்கியவர். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி:

"ஏல, பென்சில் சீவத் தெரியுமா?"

"சீவத் தெரியுங்க. எழுதத்தான் வராது."

"அப்ப நீதாம்ல எனக்கு வேணும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த ஸ்டுடியோவே பென்சிலில்தான் ஓடியது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் இருட்டாக இருப்பது பேப்பரில் வெளிச்சமாக வரும். ஆகவே பிலிமில் இருக்கிற முகத்தின்மேல் ஊசிபோலச் சீவிய பென்சிலால் மெல்லப் பூசினால், பேப்பரில் அந்த முகம் வெளுத்துவிடும். கறுப்பைப் பூசிப் பூசி மனிதர்களை வெள்ளையாக்கும் உத்தியோகம். இரண்டே மாதத்தில் எனக்கு அது கைவந்துவிட்டது. கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

எத்தனை பூச்சு என்பதற்கு ஒரு வரிசை இருந்தது. சின்ன குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு ஒரு பூச்சு. இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ் என்றால் இரண்டு. தோட்டம் வைத்த குவார்ட்டர்ஸ் என்றால் மூன்று. கேட்டில் பெயர்ப்பலகை மாட்டிய பங்களா என்றால், மூக்கு எங்கே முடிகிறது கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போகும்வரை பூசலாம். காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பென்சிலே கிடையாது. இப்படி ஒரு சட்டத்தை முதலாளி வாயால் சொன்னதே இல்லை. வருகிறவரின் செருப்பைப் பார்ப்பேன், கை தானாக அளவு போட்டுக்கொள்ளும். ஒருத்தர் பிரமோஷன் வாங்கிப் பெரிய குவார்ட்டர்ஸுக்குக் குடிபோன வாரமே பழைய போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது இப்ப எனக்குச் சரியா இல்லப்பா. கொஞ்சம் பாத்துப் பண்ணிக் குடு."

பண்ணிக் கொடுத்தேன். பிரமோஷன் ஆர்டரைக்கூட அவ்வளவு மலர்ச்சியாக அவர் வாங்கியிருக்கமாட்டார்.

என் நிறத்தையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கரண்ட் போனால், "டேய், பல்லக் காட்டுடா, வழி தெரியட்டும்" என்பார்கள். நானும் காட்டுவேன். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடவும் பழகிக்கொண்டேன். அப்புறம் மற்றவர்களைச் சொல்லப் பழகினேன். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

சுரங்கத்தில் மிஷின் பூட்டுவதற்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினீயர் ஒருவர் ஒருநாள் ஏதோ பர்மிட்டுக்குப் போட்டோ எடுக்க வந்தார். எடுத்துக் கழுவிப் பார்த்தால் பேப்பரில் ஒரு கோட்டு, ஒரு டை, அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் டை கட்டியதுபோல இருந்தது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசியில் பிலிமைப் பிளேடால் மெல்லச் சுரண்டி அவருக்கு நான்தான் மூக்கு கொண்டுவந்தேன். ஊரையே வெளுக்கவைத்த கை, ஒரு வெள்ளைக்காரனுக்குக் கறுப்பு தானம் செய்தது. அந்த மனிதரோ ஞாயிற்றுக்கிழமை ஆனால் கெஸ்ட் ஹவுஸ் புல்லில் வெயிலில் படுத்து உடம்பைச் சிவக்க வறுத்துக்கொண்டிருப்பார். அதே தெருவில் எங்கள் அம்மாக்கள் குடை பிடித்துக்கொண்டு போவார்கள். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள். யாருடைய நினைப்பும் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி கலர் பிலிம் வாங்கினார். கலரைக் கழுவ எங்களிடம் வசதி கிடையாது. சென்னைக்கு லேபுக்கு அனுப்பவேண்டும். அனுப்பினால் பிரிண்ட்டாகத் திரும்பி வரும். பென்சிலுக்கு அங்கே வேலையில்லை.

முதல் கலர் போட்டோ ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி மேனேஜருடைய குடும்பத்துக்கு எடுத்தோம். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரும் வேலையை அந்தக் கம்பெனி எடுத்திருந்தது. மேனேஜருக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடையாது. டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்தில் வீடு கட்டிக் குடியிருந்தார். அந்தக் குறை மனதில் இருந்ததாலோ என்னவோ, கறுப்பு வெள்ளையிலும் ஒன்று எடுக்கச் சொல்லி, "பங்களாக்காரங்களுக்குப் போடற மாதிரியே போடுப்பா" என்று என் காதோடு சொன்னார். போட்டேன். அதைக் கண்ணாடி போட்டு வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துக் கலர் வந்தது. அதில் அவரும் அவர் மனைவியும் மூன்று பிள்ளைகளும் நல்ல பழுப்பாக, எங்கள் ஊர்க் கரி மாதிரியே, பளபளவென்று இருந்தார்கள்.

அவர் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார், பின்பக்கம் வெள்ளையாக வேறு யாராவது இருக்கிறார்களா என்பதுபோல.

"லேப்ல கலரக் கெடுத்துட்டான். இது நாங்க இல்ல" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை நான் டிராயரில் போட்டு வைத்தேன்.

பழுப்பு நிலக்கரி என்று கரிக்குச் சரியாக நிறம் பார்த்துப் பெயர் வைத்த ஊர் எங்களுடையது. மனிதன் என்று வந்துவிட்டால் மட்டும் எங்களுக்குக் கறுப்பு, சிவப்பு என்று இரண்டே டப்பாதான். கறுப்பு என்று சொல்லிவிட்டால் எந்தத் தெரு என்றும் சேர்த்துச் சொன்னதாக அர்த்தம்.

அடுத்த மாதம் அதே மேனேஜர், தன் கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் போட்டோ ஒட்டின பாஸ் வேண்டும் என்று சட்டம் போட்டார். ஒரு காலையில் வடக்குத்துப் பக்கத்து ஆட்கள் நாற்பது பேருக்குமேல் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார்கள். முதலாளி ஒரு கல்யாணத்துக்காகப் பண்ருட்டிக்குப் போயிருந்தார். நான்தான் எடுத்தேன். வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், உட்கார், நிமிர், போ. வெளிச்சத்தைத் திரைக்குத்தான் அளந்து வைத்தேன். முகத்துக்கு முகம் மாற்றி வைக்க யாருக்குப் பொறுமை? அதுவும் காண்ட்ராக்ட் முகத்துக்கு?

அந்த வரிசையில் முப்பது வயசுக்கு மேல் இருக்கும் ஒரு அக்கா. பெல்ட்டுக்கு அடியில் நாலு வருஷமாகக் கரி வாருகிறவர். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, கண்ண மட்டும் மூடிடாதீங்க. அப்புறம் நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியாது" என்றேன்.

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஏம்பா, நீ மட்டும் இன்னா, பண்ருட்டி பலாச்சொளையா?"

இப்போது வரிசை இரண்டு மடங்கு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. கேலி செய்கிறவனுக்கு அடுத்தவன் கேலி செரிக்காது. எனக்கு எப்போதும் செரித்தது இல்லை.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். ஆறு பேருடைய படம் மட்டும் திரும்பி வந்தது. பின்பக்கத்தில் கம்பெனி கிளார்க் "முகம் தெரியவில்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். பார்த்தேன். திரை மிகவும் அழகாக வந்திருந்தது. அதற்கு முன்னால் ஆறு கறுப்பு வட்டம். அக்காவின் வட்டத்தில் ஒரு மூக்குத்தி மட்டும் நட்சத்திரம்போல மின்னியது.

அக்கா கடைக்குள் வந்து அதை என் முன்னால் வைத்தார்.

"மூஞ்சப் புடிச்சியா, எங்க வூட்டு சட்டி அடியப் புடிச்சியா?"

"இருக்கறதுதானேக்கா வரும்?"

"உன் கண்ணுல இன்னா இருக்குதோ அதுதான் வரும். சரி பண்ணிக் குடு. பாஸ் இல்லன்னா உள்ள வுட மாட்டாங்க."

அவர் போன பிறகு ஆறு பிலிமையும் எடுத்து வைத்து உட்கார்ந்தேன். ஐந்து பேருக்கு ஒரே ஒரு பூச்சு, கண் மூக்கு தெரிகிற அளவுக்கு. ஆறாவதாக அக்கா வந்தார். பலாச்சுளை ஞாபகம் வந்தது. ஒரு பூச்சு, இரண்டு, மூன்று. பென்சிலைச் சீவிக்கொண்டேன். நான்கு, ஐந்து. பங்களா அம்மாக்களுக்குக்கூட நான் ஐந்து பூச்சு போட்டதில்லை. பிரிண்ட் போட்டபோது, பெல்ட்டுக்கு அடியில் கரி வாருகிற அக்கா, இப்போதுதான் ஊட்டியிலிருந்து இறங்கி வந்தவர்போல வெளுவெளு என்று இருந்தார். தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அக்கா ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வந்தார். கவரைப் பிரிக்காமலே வாங்கிக்கொண்டு ஓடினார். கிளார்க்கும் முகம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார்போல. நன்றாகவே தெரிந்தது. ஒட்டி, சீல் குத்திக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை, அக்கா மறுபடி வந்தார். கையில் பாஸ் இல்லை. முதலாளியும் அன்று கடையில் இருந்தார்.

"இன்னிக்கு கேட்டுல என்னப் புடிச்சி உக்கார வெச்சிட்டாங்க" என்றார். குரலில் சத்தமே இல்லை. "எந்த ஆபீஸர் வூட்டம்மா பாஸத் திருடிகினு வந்தன்னு கேக்கறான். நாலு வருசமா அந்த கேட்டுலதான் நொழையறேன். தெனமும் 'இன்னா, இன்னிக்கும் லேட்டா'ன்னு கேக்கற ஆளுதான் அவன். எம்மூஞ்சி அவனுக்குத் தெரியும். போட்டோவப் பாத்ததும் எம்மூஞ்ச மறந்துட்டான்."

மேனேஜர் பாஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டாராம். ஆள் மாறாட்டம் என்றாராம். திங்கட்கிழமை ஆட்கள் லிஸ்ட் மேலே போகிறது. அதற்குள் சரியான போட்டோவோடு வந்து, அது தான்தான் என்று காட்டாவிட்டால் வேறு ஆளின் பெயரை எழுதிவிடுவார்களாம்.

"லிஸ்ட்டுல பேரு வுட்டுப்போனா நான் மறுபடி முந்திரிக்கொட்ட ஒடைக்கத்தான் போவணும்" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு வெந்த பழைய தழும்புகள், விரல் நுனியெல்லாம் தேய்ந்த தோல். "இந்தக் கை கொஞ்சம் ஆறனதே பெல்ட்டு வேலைக்குப் போனப்புறம்தான்."

எனக்கு அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப நான் உங்களுக்குப் பிரமோஷன்தானேக்கா குடுத்திருக்கேன்?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி பிலிமை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். என் ஐந்து பூச்சும் அதில் வண்டல்போலப் படிந்திருந்தது.

"ஏல மூதி, என்னல செஞ்சு வச்சிருக்க?"

"பென்சிலத் தொடச்சிட்டு மறுபடி பிரிண்ட் போட்டுடலாங்க."

"தொடச்ச பிலிம்ல இனி பென்சில் ஏறாதுல. பழைய கரிக்கட்டதான வரும்? அதத்தான மொதல்லயே வேண்டாம்னுட்டான்."

உண்மை. ஒரு போட்டோவில் அக்கா இருக்கிறார் என்பது தெரியவில்லை. இன்னொன்றில் இருப்பது அக்கா இல்லை. ஐந்து வயசுப் பிள்ளைகூட அடையாளம் சொல்லிவிடும் ஒரு முகத்தை, இரண்டு தடவை எடுத்தும் நான் பிடிக்கவில்லை.

"அந்தக் கறுப்பு வெள்ளையே வாணாம்பா" என்றார் அக்கா. "கறுப்புல ஒருவாட்டி புடிச்ச, வெள்ளையில ஒருவாட்டி புடிச்ச. ரெண்டுலயும் நான் இல்ல. கலருல எடுக்கறீங்களாமே, அதுல எடு."

முதலாளி உடனே முடியாது என்று தலையை ஆட்டினார். கேமராவில் கலர் ரோல் பாதியில் இருந்தது. ஒரு காதுகுத்து வீட்டுப் படம். இன்னும் நாலு பிரேம் மிச்சம்.

"கலரெல்லாம் ஆகாதும்மா. மெட்ராஸ் போய் வரணும்."

"இவனப் போச்சொல்லுங்க. இவந்தான கெடுத்தான்?"

முதலாளி என்னைப் பார்த்தார். கேமராவை என் கையில் கொடுத்தார்.

வெள்ளைத் திரையை விட்டுவிட்டு, ஸ்டூலைக் கடையின் பின்பக்கம் வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோனேன். அக்காவுக்குப் பின்னால் முதலாளியின் பழுப்புக் கம்பளியைக் கட்டினேன். கம்பளியில் எலி கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. அதை மறைக்க அக்காவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன். பிறகு, என் ஸ்டுடியோ வாழ்க்கையில் முதல் தடவையாக, வெளிச்சம் அளக்கிற மீட்டரை ஒரு காண்ட்ராக்ட் ஆளின் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"இன்னாபா, ஜொரமா பாக்கற?"

"அசையாதீங்கக்கா."

மீட்டர் முள்ளைப் பார்க்கவேண்டும் என்றால் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கவேண்டும். நின்று பார்த்தபோதுதான், அந்த முகத்தில் நிறம் ஒன்று இல்லை என்று கண்டேன். கன்னத்தில் செம்மண். கண்ணுக்குக் கீழே அதையே தண்ணீர் ஊற்றிக் குழைத்த நிறம். நெற்றிக்கு மேலே, கூடை தூக்குகிறபோது சும்மாட்டுத் துணி மறைக்கிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு வெயிலே படாத வேறொரு நிறம். மூக்குத்திக்குப் பக்கத்தில் கரித்தூள் ஒரு கோடு. அதுதான் இருப்பதிலேயே கறுப்பு. நான் பூசின ஐந்து பூச்சும் இத்தனையையும் அழித்திருக்கிறது. அதற்கு முந்தின படத்தில் நான் இத்தனையையும் பார்க்கவே இல்லை.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "போய் உங்காத்தாகிட்ட சொல்லு" என்றிருப்பார்.

மிச்சமிருந்த நாலு பிரேமையும் அவருக்கே எடுத்தேன். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை ரோலை எடுத்துக்கொண்டு பண்ருட்டி, விழுப்புரம் என்று பஸ் மாறிச் சென்னைக்குப் போனேன். லேபில் பிரிண்ட் போடுகிறவர் என்னைவிட இரண்டு படி கறுப்பு. அவர் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் கலர்ப்படம் ஒட்டியிருந்தது. தொப்பி, கையுறை, ரோஜாக் கன்னம். ஒவ்வொரு பிரிண்ட் வந்ததும் அதை அந்த அம்மாவோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நிறத்தைச் சரி செய்தார்.

"யாருங்கண்ணா அது? உங்க சொந்தமா?"

"டேய், அதுதான் ஸ்டாண்டர்டு. பிலிம் கம்பெனிலேர்ந்து வர்றது. அந்தம்மா கலர் கரெக்டா வந்தா எல்லாரும் கரெக்டா வருவாங்க."

"எங்க ஊர்ல அந்தம்மா இல்லீங்களேண்ணா. எனக்கு இந்தக்காதான் கரெக்டா வரணும். அந்தம்மா எக்கேடோ கெட்டுப் போகட்டும்."

"ஒரு ஆளுக்காக மிஷினையே மாத்தச் சொல்றியா?"

"நீங்களும் நானும் இருக்கோமே, மூணு பேரு ஆச்சே?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் எதைப் பார்த்து நிறம் வைப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் புறங்கையை அவர் மேஜைமேல் நீட்டினேன்.

"இதப் பாத்து வைங்க. அக்கா இதவிட ஒரு சுத்து செவப்பு. செவப்புன்னா ரோஸ் இல்லண்ணா, செம்மண்."

முதல் பிரிண்ட்டில் அக்கா நீலமாக வந்தார், செத்துப்போனவர்போல. இரண்டாவதில் காய்ச்சல்காரிபோல மஞ்சள். ஒவ்வொன்றையும் வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் என் கையோடு வைத்துப் பார்த்தோம். அவர் கையையும் வைத்தார். ஐந்தாவது பிரிண்ட்டை வெயிலில் பிடித்தோம். அவர், "இந்தம்மா கோவக்காரி போலிருக்கே" என்றார். சரியாக வந்துவிட்டது என்று அதில் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் அக்கா காத்திருந்தார். போட்டோவை வாங்கி இரண்டு நிமிஷம் பார்த்தார்.

"பொடவ அழகா வந்துருக்குது" என்றார். அவ்வளவுதான்.

மேனேஜர் வரச்சொன்ன ஆட்களை உள்ளே விட்டார்கள். கூட்டத்தோடு நானும் நுழைந்துவிட்டேன். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். மேனேஜர் போட்டோவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஒப்பிட ஒன்றும் இல்லை. பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

"இது கலரா இருக்கே. ரூல்ல பிளாக் அண்ட் ஒயிட்தான்" என்றார்.

"சார், ஆளு இவங்கதான்னு தெரியுதுல்ல?"

"அது வேற. ஏற்கெனவே ஒரு போட்டோ குடுத்து ஏமாத்தியிருக்கு. ஒரே ஆளுக்கு ரெண்டு மூஞ்சி எப்படிய்யா இருக்கும்? இத எப்படி நம்பறது?"

இதற்காகத்தான் டிராயரில் கிடந்ததைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போயிருந்தேன். மேனேஜர் குடும்பத்தின் கலர் படத்தை மேஜையில் வைத்தேன். பக்கத்திலேயே, அன்றைக்கு எடுத்த கறுப்பு வெள்ளையின் இன்னொரு பிரதியையும் வைத்தேன். அதே சட்டை, அதே நாற்காலி. ஒன்றில் அவர் பழுப்பு, இன்னொன்றில் பால்கோவா.

"சார், இதுல எது நீங்க?"

ஜன்னலில் தலைகள் கூடின.

"அந்தக்காவுக்குப் போட்ட அதே பென்சில்தான் சார். உங்களுக்கு நீங்க கேட்டீங்க, போட்டேன். அவங்க கேக்கல, நானாப் போட்டேன். ஏமாத்துனது நானு. ஆள் மாறாட்டம்னா, நாம மூணு பேரும்தான் சார் உள்ள போவணும்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ, "இன்னாபா, நம்ம சாரு நம்ம கலராத்தான் இருக்காரு!" என்றார். சிரிப்பு வெடித்தது. மேனேஜர் இரண்டு படத்தையும் சட்டென்று இழுத்து டிராயரில் போட்டு மூடினார். அவர் காது நுனி சிவந்ததைப் பார்த்தேன். எந்தப் பென்சிலாலும் அந்த நிறத்தைக் கொண்டுவர முடியாது. ஒரு நிமிஷம், பள்ளிக்கூடத்தில் கரண்ட் போன வகுப்பு ஞாபகம் வந்தது. எனக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவர் தலை நிமிராமலே கலர் போட்டோவை ஒட்டி, சீலைக் குத்தி, லிஸ்ட்டில் பெயரை எழுதினார்.

வெளியே வந்ததும் அக்கா பாஸை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அவரையும் கேலி பண்ணி முடிச்சிட்ட. என்னைய பண்ணியே, அதுக்கு இன்னா சொல்ற?"

"மன்னிச்சுக்குங்கக்கா."

"சிரிக்காத சொல்லு."

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை, சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன். "ம்ஹும்" என்றார். மூன்றாவது தடவை சொன்னபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. அக்கா பெல்ட் பக்கம் நடந்தார்.

நான் கேட்டுக்குத் திரும்பினேன். காவல்காரர் கம்பை நீட்டி மறித்தார்.

"நீ யாரு? உள்ள எப்படி வந்த? பாஸ் எங்க?"

"ஸ்டுடியோக்காரங்க. அந்தக்காவோட வந்தேன். அவங்களக் கேளுங்க."

அவர் கை தட்டிக் கூப்பிட்டார். அக்கா நின்று திரும்பினார். என்னைத் தலை முதல் கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"யாருன்னு தெரியலையே" என்றார். "போட்டோ எதுனா வெச்சிருந்தா காட்டச் சொல்லுங்க."

போய்விட்டார்.

முதலாளிக்கு ஆள் அனுப்பி அவர் சைக்கிளில் வந்து சேரும்வரை காவல் கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இவனைத் தெரியுமா என்று காவல்காரர் கேட்டபோது, அவரும் சட்டென்று ஆமாம் என்று சொல்லவில்லை. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, நாலு பிரேம் கலர் பிலிமை நினைத்தாரோ என்னவோ, என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.